குமாஸ்தா பெர்த்தியோனும் என் பேத்தியின் கேள்வியும்



ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாள் மகன் வீட்டில் ஒரு சின்னப் பஞ்சாயத்து. பேத்தி தடய அறிவியல் படிக்கப் போகிறேன் என்கிறாள். அவள் அப்பன் கம்ப்யூட்டர் எடு என்கிறான். "பொணத்துக்குப் பக்கத்துல நிக்கிற வேலை பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு?" என்று மருமகள். கடைசியில் பேத்தி என் பக்கம் திரும்பினாள். "தாத்தா, நீங்கதான் ப்ரெஞ்சுல துப்பறியும் கதையா படிச்சவராச்சே. இந்த வேலைக்கு வந்தவங்க எல்லாம் என்ன படிச்சாங்க? நீங்களே சொல்லுங்க" என்றாள்.

கேள்வி நியாயமானது. ஆனால் சட்டென்று பதில் வரவில்லை. நம் காலத்துப் பிள்ளைகளுக்குத் துப்பறிவாளர் என்றால் தமிழ்வாணனின் சங்கர்லால், தேவனின் சாம்பு. நான் படித்தது ப்ரெஞ்சு மீடியம் என்பதால் கூடவே சிமெனோன் எழுதிய கோமிசேர் மெக்ரே. ரோமன் ரோலன் நூலகத்தில் அந்தப் புத்தகங்களை மாற்றி மாற்றி எடுத்திருக்கிறேன். மெக்ரே மருத்துவம் படிக்கப் போய் பாதியில் விட்டவர் என்று கதையில் வரும். சங்கர்லால் எந்தக் கல்லூரியில் படித்தார் என்று நாம் யாரும் கேட்டதில்லை.

இரண்டு நாள் அவகாசம் கேட்டேன். பழைய குறிப்புகளைப் புரட்டினேன். அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் ஆள் ஒரு திருடன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. எழேன் ஃபிரான்சுவா விதோக் 1775இல் வடக்கு ஃபிரான்சில் அராஸ் ஊரில் ரொட்டிக்கடைக்காரர் மகனாகப் பிறந்தவன். சிறைக்குப் போவது, தப்புவது, வேடம் போடுவது, மறுபடி பிடிபடுவது என்று இளமை முழுக்கக் கழிந்தது. கடைசியில் போலீசுக்கே உளவு சொல்லப் போனான். 1812 வாக்கில் பாரிஸ் போலீசில் சூர்த்தே என்ற துப்பறியும் பிரிவு அவன் தலைமையில் உருவாயிற்று. அவன் சேர்த்துக்கொண்ட ஆட்களும் பெரும்பாலும் பழைய கைதிகளே. 1833இல் சொந்தமாகத் தகவல் நிலையம் ஒன்று திறந்தான். உலகின் முதல் தனியார் துப்பறியும் நிறுவனம் என்று அதைச் சொல்வதுண்டு. அவன் படித்த படிப்பு ஜெயில்தான். முள்ளை முள்ளால் எடுப்பது என்று நம் ஊரில் சொல்வோமே, அந்தக் காலம் அது.

இந்த முறையில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. எல்லாம் ஆளின் ஞாபகத்தில்தான் நின்றது. விதோக்குக்கு ஆயிரம் முகம் நினைவிருக்கலாம். அவனுக்கு அடுத்து வருகிறவனுக்கு? ஐம்பது வருஷம் கழித்து இந்த ஓட்டையை அடைக்க வந்தவர் ஒரு குமாஸ்தா. இதைப் படித்த நாளிலிருந்து அவர் மேல் எனக்கு ஒரு சொந்தம்.

அல்ஃபோன்ஸ் பெர்த்தியோன் 1853இல் பாரிசில் பிறந்தார். அப்பா மருத்துவர், புள்ளியியல் அறிஞர். தாத்தாவும் பேர் பெற்ற மக்கள்தொகை அறிஞர். இப்படிப்பட்ட குடும்பத்தில் பிறந்து, ஒன்றுக்கு மேற்பட்ட பள்ளிகளிலிருந்து வெளியே அனுப்பப்பட்ட பிள்ளை. எங்கெங்கோ அலைந்து, பட்டாளத்துக்கும் போய் வந்து, அப்பாவின் சிபாரிசில் 1879இல் பாரிஸ் போலீஸ் தலைமையகத்தில் கடைநிலைக் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். வேலை என்ன? கைதிகளின் அங்க அடையாள அட்டைகளை நகல் எடுப்பது. குளிர் காலத்தில் விரல் விறைக்கும் அறை. ஒவ்வொரு அட்டையிலும் ஒரே வாசகம்: உயரம் நடுத்தரம், முகம் சாதாரணம்.

அரசாங்க அலுவலகத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இந்தக் கொடுமை புரியும். பக்கம் பக்கமாக எழுதுகிறோம், இதை வைத்து ஒருவருக்கும் ஒன்றும் ஆகப் போவதில்லை என்று தெரிந்தும் எழுதுகிறோம். நம்மில் பெரும்பாலோர் ஐந்தே முக்காலுக்குப் பேனாவை மூடிவிட்டு வீட்டுக்குப் போவோம். பெர்த்தியோன் போகவில்லை. வளர்ந்த மனிதனின் எலும்பு அளவு மாறாது. ஒருவனுக்கு ஒரு அளவு இன்னொருவனோடு ஒத்துப் போகலாம், பல அளவுகள் ஒரு சேர ஒத்துப் போவது அரிது. தலையின் நீளம், தலையின் அகலம், இடது நடுவிரல், இடது பாதம், முன்கை என்று 11 அளவு எடுத்தால் இரண்டு பேர் ஒத்துப்போக 40 லட்சத்துக்கு மேல் ஒன்றுதான் வாய்ப்பு என்று கணக்குப் போட்டார்.

அளவு எடுப்பது பெரிய காரியமில்லை, தையற்காரரும் எடுக்கிறார். பெர்த்தியோனின் கெட்டிக்காரத்தனம் அடுக்கியதில் இருக்கிறது. ஒவ்வொரு அளவையும் சிறியது, நடுத்தரம், பெரியது என்று மூன்றாகப் பிரித்தார். நான்கு அளவுகளை இப்படிப் பிரித்தால் 81 அறை. ஆயிரக்கணக்கான அட்டைகளில் வேண்டியது எந்த அறையில் இருக்கும் என்று சில நிமிடத்தில் கையை வைத்துவிடலாம். ரெக்கார்டு ரூமில் காகிதம் இருந்தால் மட்டும் போதாது, கேட்ட நேரத்துக்குக் கைக்கு வர வேண்டும். இதை ஒரு குமாஸ்தாதான் கண்டுபிடிக்க முடியும்.

எழுதிக் கொடுத்தார். அப்போதிருந்த போலீஸ் தலைவர் கேலி செய்து தள்ளிவிட்டார். அடுத்து வந்தவர் 1882 டிசம்பரில் மூன்று மாத அவகாசம் கொடுத்தார். அதற்குள் ஒருவனையாவது அடையாளம் காட்ட வேண்டும். 1883 பிப்ரவரி 20ஆம் தேதி, துய்ப்போன் என்று பெயர் சொன்ன ஒருவனை அளந்தார். துய்ப்போன் என்பது அங்கே நம் ஊர் முருகன், குமார் மாதிரி. பிடிபட்டவன் எல்லாம் அந்தப் பெயரைத்தான் சொல்வான். அளவுகளை வைத்து அறையைத் திறந்தால், இரண்டு மாதம் முன்பு பாட்டில் திருடிய மார்த்தேன் என்பவனின் அட்டை. ஆள் ஒப்புக்கொண்டான். அடுத்த வருடமே 241 பேரை இப்படிப் பிடித்தார்கள். தலைமையகத்தில் அவருக்குத் தனிப் பிரிவே கொடுத்தார்கள். குற்றம் நடந்த இடத்தை அளவுகோலோடு புகைப்படம் எடுக்கும் வழக்கத்தை ஒழுங்குபடுத்தியதும் அவர்தான்.

பேத்தி இதுவரை கண்ணை விரித்துக் கேட்டாள். "அப்ப டிகிரி இல்லாமலேயே சாதிச்சிருக்காரு!" என்றாள். "இரு, மீதியையும் கேள்" என்றேன்.

1894 செப்டம்பர். பாரிசில் ஜெர்மன் தூதரகத்தின் குப்பைக் கூடையிலிருந்து ஒரு கடிதம் சிக்கியது. ஃபிரெஞ்சு ராணுவ ரகசியங்களை விற்கிறவன் எழுதியது. கையெழுத்து காப்டன் அல்ஃபிரேத் திரேஃபூஸ் என்ற அதிகாரியுடையது போல இருக்கிறது என்றார்கள். அவர் யூதர், அதுவும் ஒரு காரணம். ஃபிரான்ஸ் வங்கியின் கையெழுத்து நிபுணரிடம் காட்டினார்கள். அவர் கையெழுத்தையே தொழிலாகக் கற்றவர், தயங்கினார். வேறொருவர் எழுதியதாகவும் இருக்கலாம் என்றார். உடனே பெர்த்தியோனிடம் போனார்கள். பெர்த்தியோனுக்குக் கையெழுத்து ஆய்வில் பயிற்சியே கிடையாது. அவர் தயங்கவில்லை, திரேஃபூஸ்தான் என்றார். எழுத்து ஒத்துப்போகாத இடங்களைக் காட்டியபோது, தன் கையெழுத்தைத் தானே போலி செய்திருக்கிறான் என்று வரைபடம் போட்டு விளக்கினார். அதாவது, ஒத்துப் போனாலும் குற்றவாளி, ஒத்துப் போகாவிட்டாலும் குற்றவாளி.

திரேஃபூஸைத் தென்னமெரிக்கக் கரையில் பேய்த்தீவு என்ற இடத்தில் தனியே அடைத்தார்கள். உண்மையில் எழுதியவன் எஸ்தெரஸி என்ற வேறொரு அதிகாரி. 1904இல் புவான்கரே உள்ளிட்ட மூன்று பெரிய கணித மேதைகள் பெர்த்தியோனின் கணக்கைப் பிரித்துப் பார்த்து, அதில் சரக்கே இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். 1906இல்தான் திரேஃபூஸ் குற்றமற்றவர் என்று உச்ச நீதிமன்றம் தீர்த்தது. 12 வருடம்.

இந்த இடத்தில் என் கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இதுவரை இந்த வலைப்பூவில் எழுதியதில்லை.

எண்பதுகளில் நான் வேலை பார்த்த ஓர் அலுவலகம். பெயர் வேண்டாம். மேலதிகாரி ஒருவரைப் பற்றி மேலிடத்துக்கு மொட்டைக் கடுதாசி போயிற்று. அது அவர் கைக்கே திரும்பி வந்தது. அவர் எல்லோருடைய லீவு லெட்டரையும் எடுத்து வைத்துக்கொண்டு ஒப்பிட ஆரம்பித்தார். என் பக்கத்து சீட்டு நண்பரின் லெட்டரில் வந்து நின்றார். என்னைக் கூப்பிட்டார். "நீ தினம் அவன் எழுத்தைப் பார்க்கிறவன். இந்த 'ழ'வோட கொக்கியைப் பாரு. அவன்தானே?" என்றார். இரண்டு காகிதத்தையும் பார்த்தேன். ஒன்று போலவும் இருந்தது, இல்லை போலவும் இருந்தது. "இருக்கலாம் சார்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

ஒரு வாரத்தில் நண்பருக்கு ஏனாமுக்கு மாற்றல். நம் ஆட்களுக்குத் தெரியும், ஏனாம் என்பது ஆந்திராவுக்குள், காக்கிநாடா பக்கம். அவருடைய அம்மா இங்கே படுத்த படுக்கை. அந்த அம்மா போனபோது அவரால் நேரத்துக்கு வந்து சேர முடியவில்லை. வந்தபோது காரியம் முடிந்திருந்தது. மூன்று வருடம் கழித்து இன்னொரு ஊழியர், ரிடையர் ஆகிற அன்று சாயங்காலம், சிரித்துக்கொண்டே சொன்னார்: "அந்த லெட்டர் நான் போட்டது. மச்சான் பையனை விட்டு எழுத வெச்சேன்."

நண்பர் திரும்பி வந்த பிறகு அவரிடம் என் பங்கைச் சொன்னேன். "உன்னைக் கேட்டாரு, நீ சொன்ன. விடுப்பா" என்றார். கோபித்திருந்தால் தேவலாம். இப்போது அவர் இல்லை. அன்று நான் சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை, "எனக்குத் தெரியாது சார்." கையெழுத்தைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது என்பது எனக்கே தெரியும். ஆனாலும் வாயில் வந்தது "இருக்கலாம்." பெர்த்தியோனைப் பற்றி எங்கே படித்தாலும் எனக்கு அந்த 'ழ' ஞாபகம் வருகிறது.

பேத்தியிடம் இதைச் சொன்னபோது அவள் ஒன்றும் பேசவில்லை. அவள் அப்பன் பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் கேட்டான்.

கதைக்கு வருவோம். குற்றத்தைத் துலக்கும் வேலைக்குப் படிப்பு வேண்டும் என்று அந்தக் காலத்திலேயே பேச ஆரம்பித்திருந்தார்கள். ஆஸ்திரியாவில் கிராட்ஸ் நகரத்தில் ஹான்ஸ் க்ரோஸ் என்று ஒருவர். விசாரணை நீதிபதி, அதாவது ஃபிரெஞ்சுக் காலத்தில் நம் ஊரில் ஜூழ் தென்ஸ்துருக்சியோன் என்று இருந்தாரே, அதே மாதிரிப் பதவி. சட்டம் படித்தவனுக்கு ரத்தக்கறை, காலடித்தடம், விஷம் பற்றி ஒன்றும் தெரியவில்லையே என்று நொந்து, 1893இல் அவர் ஒரு பெரிய கையேடு எழுதினார். அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு 1906இல் முதலில் வெளிவந்தது எங்கே தெரியுமா? லண்டனில் இல்லை, நம் மதராசில். மதராசில் வழக்கறிஞர்களாக இருந்த ஆடம் என்ற குடும்பப் பெயருள்ள இருவர் இந்தியாவுக்குத் தக்கபடி மாற்றி எழுதினார்கள். மதராசுக்கு இதில் இன்னொரு பெருமையும் உண்டு. விஷம் வைத்த வழக்குகளில் குடலைச் சோதிக்க, இந்தியாவிலேயே முதல் அரசு ரசாயனப் பரிசோதனைக் கூடம் 1849இல் அங்கேதான் ஏற்பட்டது.

லியோனில் டாக்டர் லக்கசாஞ் என்ற பேராசிரியர். 1889இல் கூஃபே என்ற பாரிஸ் உய்சியே காணாமல் போனார். கோர்ட் ஓலையோடு வாசலில் நிற்கும் உய்சியேயை நம் பெரியவர்களுக்கு நன்றாக ஞாபகம் இருக்கும். லியோன் பக்கத்தில் ஓர் அழுகிய உடல் கிடைத்தது. முதலில் பார்த்தவர்கள் கூஃபே இல்லை என்றுவிட்டார்கள். சில மாதம் கழித்து உடலைத் தோண்டி எடுத்து, லக்கசாஞ் எலும்பு எலும்பாகப் பார்த்தார். ஒரு கால் எலும்பில் பழைய நோயின் அடையாளம் கண்டு, இந்த ஆள் சற்று நொண்டி நடந்திருப்பார் என்றார். கூஃபே அப்படித்தான் நடப்பார் என்று தெரிந்தவர்கள் சொன்னார்கள்.

அந்த லக்கசாஞ்சின் சீடர் எத்மோன் லொக்கார். மருத்துவமும் படித்தார், சட்டமும் படித்தார். 1910இல் லியோன் போலீசைக் கெஞ்சி, நீதிமன்றக் கட்டடத்தின் மொட்டை மாடிக்குக் கீழே இரண்டு அறை வாங்கினார். போலீசுக்கான ஆய்வுக்கூடம் என்று இன்றைக்கு நாம் சொல்வது அங்கே தொடங்கியது. ஓர் இடத்துக்கு வருகிறவன் எதையாவது விட்டுப் போவான், எதையாவது எடுத்துப் போவான் என்பது அவருடைய கொள்கை. 1912இல் ஒரு பெண்ணின் கழுத்தை நெரித்ததாகச் சந்தேகிக்கப்பட்ட காதலன், அந்த நேரத்தில் நண்பர்களோடு சீட்டாடினேன் என்றான். நண்பர்களும் ஆமாம் என்றார்கள். லொக்கார் அவன் நகக்கண்ணைச் சுரண்டி எடுத்தார். அதில் அந்தப் பெண் முகத்துக்குப் பூசும் பவுடர் இருந்தது. அவன் கடிகாரத்தை முன்னே தள்ளி வைத்து நண்பர்களை ஏமாற்றியிருந்தான்.

ஆனால் இதையெல்லாம் வகுப்பில் சொல்லிக்கொடுத்து, பட்டம் கொடுக்க முதலில் ஏற்பாடு செய்தது சுவிட்சர்லாந்தின் லொசான் பல்கலைக்கழகம். ஆர்ச்சிபால்ட் ரைஸ் என்ற ரசாயன டாக்டர் 1909இல் தொடங்கினார். புகைப்படக் கலையில் வல்லவர், பெர்த்தியோனிடம் பாரிசுக்குப் போய்ப் பார்த்துக் கற்றவர். அந்தப் பள்ளி இன்றும் நடக்கிறது. திருடன், குமாஸ்தா, நீதிபதி, டாக்டர் எல்லோரையும் தாண்டி, இந்த வேலைக்கென்றே படித்தவன் வர நூறு வருஷம் ஆகியிருக்கிறது.

இனி நம் நாட்டுக் கதை. வங்காளத்தில் ஹூக்ளி மாவட்டத்தில் வில்லியம் ஹெர்ஷல் என்ற வெள்ளைக்கார அதிகாரி 1877இல் பென்ஷன்காரர்களிடம் கைரேகை வாங்க ஆரம்பித்தார். செத்தவர் பெயரில் வேறு ஆள் வந்து பென்ஷன் வாங்கிக்கொண்டு போவதைத் தடுக்க! ஒவ்வொரு நவம்பரிலும் வாழ்நாள் சான்றிதழுக்காக மெஷினில் கட்டைவிரலை வைத்து, ரேகை விழவில்லை, துடைத்துவிட்டு மறுபடி வையுங்கள் என்று கேட்டுச் சலித்துப்போன நாம் எல்லோரும் ஹெர்ஷலின் வாரிசுகள்தான்.

ரேகை வாங்குவது ஒன்று, அதை அடுக்கித் தேடுவது வேறு. மறுபடி பெர்த்தியோனின் பிரச்சினை. கல்கத்தாவில் எட்வர்ட் ஹென்றி என்ற போலீஸ் தலைவருக்குக் கீழே இரண்டு இந்தியர்கள் இதைத் தீர்த்தார்கள். அஜீஸுல் ஹக், பிரெசிடென்சி கல்லூரியில் கணிதம் படித்தவர். ஹேம சந்திர போஸ் இன்னொருவர். பத்து விரல் ரேகையையும் 1024 அறைகளில் பிரிக்கும் வழியை ஹக் கணக்காகப் போட்டார். 1897இல் கல்கத்தாவில் கைரேகைக் கூடம் திறந்தது. அந்தச் சமயத்தில் ஜல்பைகுரி தேயிலைத் தோட்டத்தில் ஒரு மேலாளர் கொலை. வீட்டிலிருந்த பஞ்சாங்கத்தில் பழைய வேலைக்காரன் ஒருவனின் கட்டைவிரல் ரேகை. கோர்ட் அவனைத் திருட்டுக்குத் தண்டித்தது, கொலையிலிருந்து விடுவித்தது. ரேகை அவன் அங்கே வந்தான் என்றுதான் சொல்லும், கொன்றான் என்று சொல்லாது. அந்த நிதானம் எனக்குப் பிடித்திருக்கிறது. அந்த முறை 1901இல் லண்டனுக்குப் போயிற்று. பெயர் மட்டும் ஹென்றி முறை என்று ஆனது. வேலை செய்தவன் ஒருவன், கையெழுத்துப் போடுகிறவன் ஒருவன் என்பது நமக்குத் தெரியாததா?

1911இல் லூவ்ரிலிருந்து மோனாலிசா படம் காணாமல் போனபோது, கண்ணாடியில் திருடனின் விரல் ரேகை கிடைத்தது. அவன் முன்பே கைதானவன், அவன் ரேகை பெர்த்தியோனின் அலுவலகத்திலேயே இருந்தது. ஆனால் அங்கே அட்டைகள் உடல் அளவுப்படி அடுக்கியிருந்தன, ரேகையை வைத்துத் தேட வழியில்லை. 1913இல் அவனாகப் படத்தை விற்கப் போய் மாட்டிக்கொண்டான். 1914இல் பெர்த்தியோன் இறந்தார்.

சரி, இன்றைக்கு என்ன வழி? பேத்திக்காக விசாரித்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன், உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் உதவும். இரண்டு பாதை உண்டு. ஒன்று காக்கிச்சட்டைப் பாதை. ஏதாவது ஒரு டிகிரி, சப்-இன்ஸ்பெக்டர் தேர்வு, உடல் தகுதி, ஸ்டேஷனில் சில வருடம், பிறகு குற்றப்பிரிவு. அவர்களுக்குத் துப்பறிதலில் பயிற்சி கொடுக்க 1958இல் கல்கத்தாவிலும் பிறகு ஹைதராபாத், சண்டிகரிலும் மத்தியப் பள்ளிகள் வந்தன. இன்னொன்று ஆய்வுக்கூடப் பாதை. வேதியியல், இயற்பியல், உயிரியல் அல்லது தடய அறிவியலில் டிகிரி, மேற்படிப்பு, பிறகு அறிவியல் அலுவலர் தேர்வு. தமிழ்நாட்டில் கைரேகைப் பிரிவுக்கென்றே தனியாக சப்-இன்ஸ்பெக்டர்களை எடுக்கிறார்கள். குஜராத்தில் இருந்த தடய அறிவியல் பல்கலைக்கழகம் 2020இல் தேசியப் பல்கலைக்கழகமாகிவிட்டது. 2024 ஜூலை முதல் அமலான புதிய குற்ற நடைமுறைச் சட்டம், ஏழு வருடமோ அதற்கு மேலோ தண்டனைக்குரிய குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்குப் போக வேண்டும் என்கிறது. ஆகவே ஆட்கள் தேவைப்படும். தனியார் துப்பறிவாளருக்கு மட்டும் இன்னும் சட்டமில்லை. 2007இல் ஒரு மசோதா வந்தது, நிறைவேறவில்லை.

எல்லாம் சொல்லி முடித்த பிறகு, "நீ அங்கே நாலு வருஷம் படிக்கப் போறது என்னன்னு தெரியுமா?" என்று பேத்தியைக் கேட்டேன். மைக்ராஸ்கோப், டி.என்.ஏ. என்று அடுக்கினாள். "அதெல்லாம் சரி. மேலதிகாரி எதிரே நிக்கறப்போ, 'இதை வெச்சுக் கருத்துச் சொல்ல முடியாது'ன்னு எழுதிக் கையெழுத்துப் போடற தைரியம். படிச்சவனுக்குத்தான் அது வரும். எனக்கு வரல" என்றேன்.

விண்ணப்பம் போட்டாயிற்று. மருமகள் இன்னும் முணுமுணுக்கிறாள். மகன் பணம் கட்டிவிட்டு, "பார்க்கலாம்" என்கிறான். வாசகர்களில் போலீஸ் இலாகாவிலோ ஆய்வுக்கூடத்திலோ வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் இருந்தால் எழுதுங்கள், அந்தப் பிள்ளைக்குப் படித்துக் காட்டுகிறேன்.